பஸ்ஸாத்தோவா, இம்பெர்ஃபெத்தோவா? இத்தாலியன் கொன்ஜுந்தீவோவில் ஒரு குழப்பம்

'க்ரேதோ கே...' (நினைக்கிறேன்) என்று தொடங்கினால் அடுத்த வினையைக் கொன்ஜுந்தீவோவுக்கு (நினைப்பு, சந்தேகம் போன்றவற்றுக்குப் பின் வரும் வினை வடிவம்) மாற்ற வேண்டும். சரி, நடந்துபோன விஷயம் என்றால் எந்த வடிவம்? முதல் வினை நிகழ்காலமானால் பஸ்ஸாத்தோ (முடிந்துபோனதைச் சொல்லும் வடிவம்), இறந்தகாலமானால் இம்பெர்ஃபெத்தோ (அப்போது நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் வடிவம்) என்று பலர் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அது பாதி விதிதான்.

இந்த இரண்டையும் பாருங்கள்:

'க்ரேதோ கே ஆப்பியா லவொராத்தோ இன் பாங்கா பெர் த்ரே ஆன்னி': மூன்று வருடம் வங்கியில் வேலை பார்த்தார் என்று நினைக்கிறேன்.

'க்ரேதோ கே அல்லோரா லவொராஸ்ஸே இன் பாங்கா': அப்போது வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

இரண்டிலும் முதல் வினை நிகழ்காலம். ஆனால் முதலாவது முடிந்த கணக்கு, அதனால் பஸ்ஸாத்தோ. இரண்டாவது அன்றைய நிலைமை, அதனால் இம்பெர்ஃபெத்தோ. நான் நம்பும் சோதனை எளிது: 'நினைக்கிறேன்' என்பதை எடுத்துவிடுங்கள். மீதி வாக்கியத்தில் 'ஆ லவொராத்தோ' (வேலை பார்த்தார்) வந்தால் பஸ்ஸாத்தோ, 'லவொராவா' (வேலை பார்த்துக்கொண்டிருந்தார்) வந்தால் இம்பெர்ஃபெத்தோ.

நமக்கு உண்மையிலேயே சறுக்குவது முதல் வினை இறந்தகாலத்துக்குப் போகும்போதுதான். தமிழில் 'மரியா கிளம்பியிருப்பாள் என்று நினைக்கிறேன்', 'கிளம்பியிருப்பாள் என்று நினைத்தேன்' இரண்டும் சரி. 'என்று' இருப்பதால் உள்ளே இருக்கும் வினை அசைவதில்லை. இத்தாலியனில் அசைந்தே ஆக வேண்டும். 'க்ரேதோ கே மரீயா ஸீயா பார்தீதா' என்பது, 'க்ரெதேவோ' (நினைத்தேன்) வந்ததும் 'ஃபோஸ்ஸே பார்தீதா' என்று த்ரபஸ்ஸாத்தோ (இறந்தகாலத்துக்கும் முந்தியதைச் சொல்லும் வடிவம்) ஆகிவிடும். கிளம்பியது நினைத்ததற்கும் முந்தியது அல்லவா, அதனால்தான். அவள் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தால் 'க்ரெதேவோ கே தோர்மீஸ்ஸே', வெறும் இம்பெர்ஃபெத்தோ போதும். 'க்ரெதேவோ கே ஸீயா பார்தீதா' என்று எழுதாதீர்கள். தமிழை அப்படியே தூக்கி வைத்தால் வரும் தப்பு இதுதான்.

பேச்சில் 'பென்ஸோ கே ஏ பார்தீதா' (கிளம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன்; 'பென்ஸோ'வும் 'நினைக்கிறேன்'தான்) என்று கொன்ஜுந்தீவோவே இல்லாமல் சொல்வதையும் கேட்பீர்கள். நண்பர்களிடம் பேசும்போது பரவாயில்லை. தேர்விலும் கடிதத்திலும் வேண்டாம்.

அப்புறம், நினைப்பவரும் செய்தவரும் ஒருவரே என்றால் இந்தப் போட்டியே இல்லை. சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன்: 'பென்ஸோ தி அவேர் பெர்ஸோ லே கியாவி'.