‘காஸ் பைப்பை எறும்பு கடிச்சிட்டுது’ என்று சொன்னால் காசை எடுக்காதீர்கள்

ஐப்பசி மழை தொடங்கினால் நிலத்துக்குள் இருக்கிற எறும்பு வீட்டுக்குள் ஏறும். சித்திரை வைகாசி வெயிலில் தண்ணீர் தேடி ஏறும். இரண்டு காலத்திலும் அது கடைசியில் போய்ச் சேருகிற இடம் குசினியில் நிற்கிற பிரிஜ்தான். இந்த நேரம் பார்த்து, எறும்பைக் காட்டியே காசு பறிக்கிற ஒரு வேலை நடக்கிறது. யாழ்ப்பாணம் கோண்டாவில் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறோம். கடையின் பெயரோ ஆளின் பெயரோ இங்கே வேண்டாம். வேலை எப்படி நடந்தது என்று விளங்கினால் போதும்.

ஐந்து வருடம் பழகிய இரண்டு கதவுப் பிரிஜ். குளிரில் ஒரு குறையும் இல்லை. கீழ்க்கதவு ரப்பரில் சின்ன எறும்பு சாரைசாரையாக ஏறியது, அவ்வளவுதான். போன் எடுத்ததும் வந்த திருத்துநர் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அக்கா, காஸ் பைப்பை எறும்பு கடிச்சிட்டுது. இப்பவே காஸ் அடிக்காட்டி கொம்பிரசர் போயிடும்.”

“எறும்பு செப்பைக் கடிக்குமோ தம்பி?”

“கடிக்கும் அக்கா. அதுக்கெண்டு ஒரு பேரே இருக்கு.”

பேர் இருப்பது உண்மை. ஆனால் அது சொல்லுகிற சங்கதி வேறு. செப்புக் குழாயில் மயிரிழை அளவு சுரங்கம் சுரங்கமாக ஓடும் ‘எறும்புப் புற்று அரிப்பு’ என்று ஒருவகை அரிப்பு உண்டு. வெட்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் எறும்புப் புற்றுப்போலத் தெரியும், அதனால்தான் அந்தப் பேர். எறும்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஈரம், காற்று, போமிக் அல்லது அசற்றிக் அமில ஆவி ஆகிய மூன்றும் செப்போடு சேர்ந்தால் வருவது அது. வினாகிரியில் இருப்பதும் அசற்றிக் அமிலம்தான். எனவே எறும்பு போகட்டும் என்று பிரிஜின் பின்பக்கக் குழாய்களுக்கு வினாகிரி பூசுகிறவர்கள் அதை நிறுத்துவது நல்லது. எறும்பின் வாய்க்குச் செப்பும் இரும்பும் அலுமினியமும் அகப்படாது. வெளியில் தெரிகிற குழாயில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பல பிரிஜ்களில் கொண்டென்சர் குழாய், அதாவது சூட்டை வெளியே விடுகிற குழாய், பூச்சுப் பூசிய இரும்பு, காந்தம் ஒட்டும். அதில் இந்த அரிப்பு வரவே வராது.

அடுத்து அவர் செய்தது மீற்றர் வித்தை. கொம்பிரசருக்குப் போகும் குழாயில் துளைக்கும் வால்வு ஒன்றைப் பூட்டி, மீற்றரைக் கொளுவி, ஊசி பூச்சியத்துக்குக் கீழே நிற்பதைக் காட்டினார். “பாருங்கோ, உள்ளுக்கு ஒண்டுமில்லை.” இதில்தான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள். உங்கள் பிரிஜின் உள்சுவரில் அல்லது பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் காஸின் வகை ஆர்600ஏ (R600a) என்று இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போது உறிஞ்சு பக்கத்து ஊசி பூச்சியத்துக்குக் கீழே நிற்பது இயல்பு. அந்தக் காஸ் கொதிப்பது பூச்சியத்துக்குக் கீழே 12 பாகையில். உறைபெட்டிக் கொயில் பூச்சியத்துக்குக் கீழே 25 பாகையில் வேலை செய்கிறபோது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவாகத்தான் இருக்கும். பழைய ஆர்134ஏ காஸ் பெட்டியில் பழகிய கண்ணுக்கு அது வெறுமையாய்த் தெரியும். தெரிந்துகொண்டே அப்படிச் சொல்கிறவர்களும் உண்டு.

ஊசி மேலே ஏறும்வரை தகர டப்பாவிலிருந்து இரண்டு நிமிடம் காஸ் விட்டார். 9,500 ரூபா. தராசு இல்லை. ஆர்600ஏ பிரிஜுக்குள் மொத்தமாகவே பெரும்பாலும் 40 முதல் 70 கிராம்வரைதான் காஸ் இருக்கும். சரியான எண்ணிக்கை அந்தத் தாளிலேயே அடித்திருக்கும். இந்த அளவில் பத்துக் கிராம் கூடினாலும் பிரிஜுக்குத் தெரியும். மிஞ்சிய காஸ் கொயிலில் ஆவியாகி முடியாமல் திரும்பி வரும், கொம்பிரசருக்குப் போகும் குழாய் வேர்க்கும், துளித்துளியாய்த் தண்ணீர் நிலத்தில் விழும். எறும்பு தேடி வந்ததே அந்தத் தண்ணீரைத்தான். காஸ் அடித்த மூன்றாம் நாள் எறும்பு இரண்டு மடங்கு.

திரும்பக் கூப்பிட்டார்கள். “உள்ளுக்குக் கூடு கட்டிட்டுது” என்று சொல்லி, இடப்பக்கச் சுவரில் துறப்பணத்தால் இரண்டு ஓட்டை போட்டு மருந்து அடிக்கப் பார்த்தார். இரண்டாவது ஓட்டையில் ‘உஸ்’ என்று சத்தம் வந்தது. “கேக்குதோ? இதுதான் எறும்பு போட்ட ஓட்டை” என்றாராம். இன்றைய பிரிஜ்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் கறுத்த வலை கிடையாது. கொண்டென்சர் குழாய் இரண்டு பக்கச் சுவருக்குள்ளும் தகட்டோடு ஒட்டிப் போகும். அதனால்தான் பக்கத்தில் கை வைத்தால் சுடுகிறது. கதவுச் சட்டத்தைச் சுற்றியும் ஒரு சுடுகுழாய் ஓடும், அங்கே வேர்க்காமல் இருக்க. சுவரில் துறப்பணம் போட்டால் அது எங்கே போய்க் குத்தும் என்று சொல்லத் தேவையில்லை. ஆர்600ஏ தீப்பற்றும் காஸ். கையில் பொறி பறக்கிற துறப்பணம், உள்ளே மருந்து டப்பா. அன்று ஒன்றும் நடக்காதது அந்த வீட்டுக்காரரின் அதிர்ஷ்டம்.

மூன்றாம் முறை பிரிஜையே ஏற்றிக்கொண்டு போய், இரண்டு கிழமைக்குப் பிறகு பின்பக்கம் ஒரு புது வலை பூட்டி, பக்கச் சுவர்க் குழாயைத் துண்டித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 28,000 ரூபா. முதல் தடவையோடு சேர்த்து 37,500. ஒரு துண்டு ரசீதும் இல்லை. எறும்பு ஒரு கிழமையில் திரும்பி வந்தது.

உண்மையில் அங்கே என்ன பிழை? கீழ்க்கதவு ரப்பரின் மடிப்புக்குள் பனங்கட்டிப் பாகு வழிந்து காய்ந்திருந்தது. பின்னால் கொம்பிரசருக்கு மேலே இருக்கிற தண்ணீர்த் தட்டில் பாசி. ரப்பரின் ஒரு மூலை சுருங்கி விலகியிருந்தது. சாப்பாடு, தண்ணீர், இளஞ்சூடு மூன்றும் ஓரிடத்தில் கிடைத்தால் எறும்பு ஏன் போகப்போகிறது?

ஆளைக் கூப்பிட முன்னர் நீங்களே பார்க்கக்கூடியது இவ்வளவு. உள்ளே எறும்பு ஓடுகிறதா, விறைத்துக் கிடக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். நாலு பாகைக் குளிரில் எறும்பு ஓடாது. தட்டில் செத்ததுபோலக் கிடந்தால் பிரிஜ் நன்றாக வேலை செய்கிறது. சுறுசுறுப்பாக ஓடினால் குளிர் போதாது, பெரும்பாலும் கதவு மூடவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் வெப்பமானியை வைத்து இரவு முழுக்க நடுத்தட்டில் விடுங்கள். காலையில் 1 முதல் 5 பாகைக்குள் இருந்தால் காஸ் பற்றிக் கதைக்கவே இடமில்லை. காஸ் அடைத்த சுற்றுக்குள் ஓடுவது, மோட்டார் சைக்கிள் பெற்றோல்போலக் குறைகிற சாமான் இல்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் காஸ் மட்டும் அடிப்பவருக்குக் கொடுக்கிற காசு கிணற்றில் போட்டதுதான்.

கதவு ரப்பரைப் பார்க்க ஒரு நூறு ரூபாத் தாள் போதும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து மூடி இழுங்கள். இறுகப் பிடித்து வரவேண்டும். நாலு பக்கமும் ஐந்தாறு இடத்தில் இப்படிப் பாருங்கள். ஓரிடத்தில் தாள் தானாய் வழுகி வந்தால், கொதிநீரில் நனைத்துப் பிழிந்த துவாயை அந்த இடத்தில் பிடித்து, ரப்பர் இளகியதும் கையால் வெளியே இழுத்து நிமிர்த்திக் கதவை மூடி விடுங்கள். அதுக்கும் சரிவராவிட்டால் ரப்பரை மாற்றலாம். பிரிஜை மாற்றத் தேவையில்லை.

கழுவும் வேலைக்கு பிளக்கைக் கழற்றுங்கள். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா. பழைய பற்தூரிகையால் ரப்பரின் ஒவ்வொரு மடிப்பையும் விரித்துத் தேய்க்க வேண்டும், மேலோட்டமாகத் துடைத்தால் பலனில்லை. கீழ் மடிப்புத்தான் முக்கியம், வழிகிற எல்லாம் அங்கேதான் தங்கும். பிறகு மரக்கறிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் வடிகால் துவாரத்தில் அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பின்னால் தட்டில் வந்து விழுந்தால் அடைப்பில்லை. தட்டைக் கழற்ற முடிந்தால் சவுக்காரம் போட்டுக் கழுவி, ஈரம் காய்ந்த பின் பூட்டுங்கள்.

பின்மூடியைத் திறக்கிறவர்கள் இதையும் அறிய வேண்டும். கொம்பிரசர் அருகே இருந்து அதைத் தொடக்கிவிடும் ரிலேக்குள் எறும்பு புகுவது மெய். பழைய வகை ரிலேயில் இரண்டு உலோகப் புள்ளிகள் ஒட்டி விலகும். நடுவில் நசிந்து சாகிற எறும்பு விடுகிற மணத்துக்கு இன்னும் எறும்பு வரும், கடைசியில் புள்ளிகள் ஒட்டாமல் பிரிஜ் ‘டிக்’ என்று மட்டும் அடித்து நிற்கும். அதற்கு ‘கொம்பிரசர் போச்சு’ என்பது அடுத்த புளுகு. பிளக்கைக் கழற்றி, ரிலேயை நேராக இழுத்து எடுத்து, கொம்பிரசரின் மூன்று முள்ளுகளையும் மீற்றரில் சோடி சோடியாக அளக்கச் சொல்லுங்கள். சாதாரண கொம்பிரசரில் இரண்டு சிறிய எண்களைக் கூட்டினால் பெரிய எண் வரவேண்டும். இன்வேர்ட்டர் வகையில் மூன்றும் ஏறக்குறைய ஒரே எண். அப்படி வந்து, எந்த முள்ளுக்கும் உடலுக்கும் இடையில் தொடர்பும் இல்லையென்றால், கொம்பிரசருக்குள் இருக்கும் மோட்டார்ச் சுருள் நல்லாயிருக்கிறது. ரிலேயைத் துடைத்தோ மாற்றியோ பார்க்காமல் கொம்பிரசருக்குக் காசு கொடுக்காதீர்கள். இன்வேர்ட்டர் போர்ட்டில் மட்டும் நீங்களாகக் கை வைக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அதில் 300 வோல்ற் அளவில் மின் தங்கியிருக்கும்.

இனி எறும்பு. நுளம்புக்கு அடிக்கிற ஸ்பிறேயைப் பிரிஜுக்குள் அடிக்கவே கூடாது. டப்பாவைத் தள்ளுகிற காஸ் தீப்பற்றும், தேர்மோஸ்டாற்றும் லைற் சுவிச்சும் பொறி விடும், சாப்பாட்டிலும் நஞ்சு படும். வெளியில் அடிப்பதும் இந்தச் சின்ன எறும்புக்குச் சரிவராது. தலை கறுத்து வயிறு வெளிறியதும், மஞ்சளாய் மினுங்குவதுமான இனங்களில் ஒரு கூட்டில் பல ராணிகள் இருக்கும். மருந்து மணத்தால் கலைத்தால் ஒரு கூடு நாலாகப் பிரிந்து நாலு இடத்தில் வளரும். மண்ணெண்ணெய்ச் சீலையும் வேண்டாம், உள்சுவர்ப் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அது கெடுக்கும். மஞ்சள்தூள் பாதையைத்தான் மாற்றும்.

செய்ய வேண்டியது, அதுவே கூட்டுக்குக் கொண்டுபோகிற இரை. இளஞ்சூட்டுத் தண்ணீர் 200 மில்லிலீற்றர், சீனி ஐந்து தேக்கரண்டி, போரிக் அசிட் பவுடர் மட்டமாக அரைத் தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய இரண்டு கிராம். பாமசியில் கேட்டு வாங்குங்கள். கரம் போர்ட்டுக்குப் போடுகிற பவுடர் எல்லாம் போரிக் இல்லை, சிலது வெறும் மா. கரைத்துப் பஞ்சில் நனைத்துப் போத்தல் மூடியில் வைத்து, எறும்புப் பாதையின் ஓரமாக பிரிஜுக்கு வெளியே வையுங்கள். கெதியாகச் சாகட்டும் என்று பவுடரைக் கூட்டுவதுதான் எல்லோரும் விடுகிற பிழை. கூடினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், ராணிக்குப் போய்ச் சேராது. முதல் இரண்டு நாள் எறும்பு அதிகரித்ததுபோலத் தெரியும், பயப்படாதீர்கள், அந்தப் பாதையைக் கழுவாதீர்கள். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பஞ்சை மாற்றினால் இரண்டு மூன்று கிழமையில் அடங்கும். சீனித் தண்ணீரைத் தொடாவிட்டால் அது கொழுப்புத் தேடுகிற நேரம், நெத்தலிக் கருவாட்டுத் தூளில் துளியளவு பவுடர் கலந்து வைத்துப் பாருங்கள். பிள்ளைகளும் பூனையும் எட்டாத இடமாக இருக்கட்டும். மிச்சம் இருக்கிற போத்தலில் ‘நஞ்சு’ என்று எழுதி ஒட்டுங்கள்.

உண்மையாகவே சுவருக்குள் கூடு இருந்தால், கதவின் கீழ் அல்லது கதவுப் பிணையலடியில் வெளிறிய பஞ்சுத் துகள் உதிரும். அப்போதும் ஓட்டை போடத் தேவையில்லை. எறும்பு வந்து போகிற துவாரத்தின் வாசலில் இதே இரையை வைத்து, முற்றாக அடங்கிய பிறகு துவாரத்தைச் சிலிக்கனால் அடையுங்கள். வினாகிரி மணக்கிற சிலிக்கனைக் குழாய்க்குப் பக்கத்தில் பூசாதீர்கள், காரணம் மேலே சொன்ன அதே அமிலம்தான். மணமில்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

நிசமாகக் காஸ் அடிக்க வேண்டி வந்தால், நைதரசன் அழுத்தத்தில் ஓட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பில்டரைப் புதிதாக மாற்றி, வெற்றிடப் பம்பை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, தராசில் நிறுத்துத்தான் காஸ் விட வேண்டும். இப்படி வேலை செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், இதைக் கேட்டால் அவர்கள் கோபிப்பதில்லை. காஸின் வகை, கிராம், மாற்றிய சாமான், திகதி எல்லாம் எழுதிய ரசீதை வாங்கிவிட்டுக் காசைக் கொடுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள்.

ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி வேலை செய்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தொலைபேசி 1977. கோண்டாவில் வீட்டில் முறைப்பாடு எழுத உட்கார்ந்தபோது கையில் இருந்தது ஒரு ரெலிபோன் நம்பர் மட்டும். அதற்கு எடுத்தால் இப்போது மணி அடிப்பதில்லை.