வாட்ச்டாக்கா, சீரியல் வயரா?

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து வாட்டும் மாடியில் உள்ளங்கையளவு சின்னக் கணினியான ராஸ்பெர்ரி பை 3 போர்டு ஒன்று வைத்திருக்கிறேன். காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து, கீழே அடுத்த கட்டடத்தில் டீமேக்கரின் கணினிக்கு வைஃபை வழியாக அனுப்பும். போர்டில் உள்ள வைஃபை அந்தத் தகரக் கூரைக்குள் எட்டாததால் ஆன்டெனா வைத்த யூஎஸ்பி டாங்கிள் ஒன்றைச் செருகியிருந்தேன். இரண்டு நாளுக்கொரு முறை இணைப்பு செத்துவிடும். நான் ஹட்டனிலிருந்து பஸ் பிடித்துப் போய் பிளக்கைப் பிடுங்கிச் செருக வேண்டும்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வாட்ச்டாக் போடு, அதாவது கணினி உறைந்தால் தானே ரீசெட் செய்யும் காவல் டைமர், தானே எழுந்துகொள்ளும் என்பது ஒன்று. சீரியல் வயர் மாட்டி, போர்டு வெளியிடும் செய்திகளை வரிவரியாக வேறொரு கணினியில் படித்து, என்ன நடக்கிறது என்று பார் என்பது இன்னொன்று.

வாட்ச்டாக் மலிவு. போர்டிலேயே இருக்கிறது, செட்டிங்கில் ஒரு வரி போதும். கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, உறைந்து சுமார் 15 வினாடி சத்தமில்லை என்றால் ரீசெட் ஆகிவிடும். ஆனால் வைஃபை டாங்கிளை இயக்கும் மென்பொருளான நெட்வொர்க் டிரைவர் மட்டும் விழுந்தால் கெர்னல் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். வீட்டு ஆள் நடமாடும்போது காவல் நாய் ஏன் குரைக்கும்? டிரைவர் 'ஊப்ஸ்' (கெர்னலுக்குள் நேர்ந்த பிழை பற்றிய அறிவிப்பு) அடித்தாலே கெர்னல் பேனிக் ஆகி, அதாவது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ரீபூட் ஆகும்படி தனியாகச் சொல்ல வேண்டும். ரவுட்டரை பிங் செய்து, அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டு, பதில் வராவிட்டால் ரீபூட் செய்யும் சின்ன ஸ்கிரிப்ட்டும் வேண்டும். அதையெல்லாம் செய்தேன். பஸ் செலவு மிச்சம். டீமேக்கருக்குத் திருப்தி, எனக்கு இல்லை. நடந்ததைப் பதியும் லாக்கின் கடைசி சில வரி எஸ்டி கார்டில் எழுதப்படும் முன்பே ரீபூட் ஆகிவிடுகிறது. அந்தச் சில வரிதானே முக்கியம்!

சீரியல் வயருக்கு மெனக்கெட வேண்டும். 3.3 வோல்ட் யூஎஸ்பி-டிடிஎல் வயராகவே இருக்க வேண்டும், 5 வோல்ட் கொடுத்தால் போர்டு போய்விடும். கிரவுண்ட் 6ஆம் பின்னில். அனுப்பும் 8ஆம் பின் வயரின் வாங்கும் முனைக்கு, வாங்கும் 10ஆம் பின் அனுப்பும் முனைக்கு. மாற்றிக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் வெற்றுத் திரையைப் பார்த்தவன் நான். வேகம் வினாடிக்கு 115200 பிட். கேட்டுக்கொண்டிருக்க ஒரு பழைய மடிக்கணினியை அங்கேயே விட வேண்டும். கொழுந்துத் தூசு படாமல் பொலித்தீன் உறை போட்டேன்.

மூன்றாம் நாள் அகப்பட்டது. காற்றாடிகளைப் போட்ட நேரம். முதலில் மின்னழுத்தம் குறைந்தது என்ற எச்சரிக்கை, அதாவது 4.63 வோல்ட்டுக்குக் கீழே. அடுத்த வரியில் டாங்கிள் கழன்றதாகச் செய்தி. அதற்கும் கீழே ஊப்ஸ், பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டும் கால் டிரேஸ் முழுக்க டாங்கிள் டிரைவரின் பெயர். கெர்னலோடு வராமல் நானே கம்பைல் செய்து போட்ட டிரைவர் அது. கையில் பிடித்திருந்த சாதனம் திடீரென்று இல்லாமல் போனால் என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை.

டாங்கிளை மாற்றிப் பார் என்றும் ஒருவர் சொன்னார். அதை முதலில் செய்திருந்தால் புது டிரைவர் கழன்றதைச் சமாளித்து எழுந்திருக்கும். ஆனால் மின்னழுத்தம் குறையக் காரணமான, போர்டுக்கு மின்சாரம் கொடுத்த போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் அப்படியே இருந்திருக்கும். ஒருநாள் எஸ்டி கார்டு போயிருக்கும். ஈத்தர்நெட் கேபிள் இழுக்கலாம்தான், ஆனால் சித்திரை இடிமின்னலில் கட்டடம் விட்டுக் கட்டடம் செம்புக் கம்பி போட எனக்குத் தைரியமில்லை.

ஆகவே சீரியல் முதலில், வாட்ச்டாக் பிறகு. 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் சப்ளை ஒன்று போட்டேன். அப்புறம்தான் ஏஆர்9271 சிப் உள்ள டாங்கிள். அதன் டிரைவர் கெர்னலோடே வருகிறது. வாட்ச்டாக்கை நிறுத்தவில்லை. மடிக்கணினியை எடுத்துவிட்டேன், வயர் மட்டும் 'பிடுங்க வேண்டாம்' என்ற சீட்டோடு இன்னும் அங்கே தொங்குகிறது.