பசங்க ஃபுட்பால் டோர்னமெண்ட்டுக்கு நாங்க கூப்பிட்ட ரெஃப்ரி டீம், எங்க அனுபவம்

காவேரிப்பட்டணத்துல போன மே மாசம் அண்டர் 13 பசங்களுக்கு எட்டு டீம் வெச்சு ரெண்டு நாள் டோர்னமெண்ட் நடத்துனோம், சேலத்துல இருந்து மூணு ரெஃப்ரி வந்தாங்க, அவங்கள கூப்பிடலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க, தாராளமா கூப்பிடுங்க. விசில் எல்லாருந்தான் ஊதுறாங்க. இவங்க எழுதுற வேலைய ஒழுங்கா பண்றாங்க, அதுக்குத்தான் இந்த ரிவ்யூ.

அதுக்கு முந்தின வருஷம் வேற ஒருத்தர வெச்சு நடத்துனப்ப செமி ஃபைனல்ல ரெட் கார்டு வாங்கி, அடுத்த மேட்ச் ஆடக்கூடாத பையன் மறுநாள் ஃபைனல்ல ஷூ மாட்டிக்கிட்டு நிக்கிறான். கார்டு காட்டுனத எல்லாரும் பாத்தோம், ஆனா எந்த நம்பர்னு எங்கயும் எழுதல, ரிப்போர்ட்டும் குடுக்கல, அவரு சாயங்காலமே பஸ் ஏறிட்டாரு, போன் போட்டா எடுக்கவும் இல்ல. ரெண்டு கோச்சும் சட்டைய புடிக்காத குறைதான். பசங்க கண்ணு முன்னாடி அப்படி ஆனது எனக்கு இன்னும் உறுத்துது.

இவங்க காலைல ஆறரைக்கே கிரவுண்டுல இருந்தாங்க. சீனியர் ரெஃப்ரி நேரா போய் கோல் போஸ்ட்ட புடிச்சு ஆட்டுனாரு, எங்களோடது தூக்கி வெக்கிற டைப், லேசா முன்னாடி சாஞ்சுச்சு. இது அசையாம நிக்கணும், இல்லன்னா மேட்ச் கிடையாதுன்னுட்டாரு. அப்புறம் மாங்கா மண்டில காலி சாக்கு வாங்கியாந்து, மண்ணு ரொப்பி, பின்பக்க குழாய் மேல அடுக்கி, அரை மணி நேரம் லேட். எனக்கு அப்ப கோவம் வந்துச்சு, ஆனா இடைவேளைல பொடிப்பசங்க போஸ்ட்டோட மேல்குழாய புடிச்சு தொங்குனத பாத்தப்ப அவரு சொன்னது எவ்ளோ சரின்னு புரிஞ்சுச்சு.

பந்துல காத்த கேஜ் வெச்சு பாத்தாங்க, 8.5ல இருந்து 15.6 பிஎஸ்ஐக்குள்ள இருக்கணுமாம். டீம் லிஸ்ட்டுல இருக்கற பேரு, ஜெர்சி நம்பர், ஐடி போட்டோ, பையன் மூஞ்சி, பசங்கள வரிசையா நிக்க வெச்சு நாலையும் ஒத்து பாத்தாங்க. ஒரு டீம்ல 8ம் 18ம் மாத்தி எழுதியிருந்தாங்க, ஆட்டத்துக்கு முன்னாடியே திருத்தியாச்சு. சப்ஸ்டிட்யூட் பேரும் மொதல்லயே குடுத்துடணும், நடுவுல கொண்டாந்து சேக்க முடியாது.

ஒரு பையன் கைல வெள்ளிக் காப்பு, கழட்ட வரல. அவங்கம்மா டேப் ஒட்டிடலாமான்னாங்க. "டேப் ஒட்டி மறைக்கவும் கூடாதுக்கா, அடுத்த பையன் மூஞ்சில பட்டுச்சுன்னா கிழிச்சிரும்"னு ரெஃப்ரி பொறுமையா சொல்லிட்டு, அவரே சோப்புத் தண்ணி கொண்டு வரச் சொல்லி, பையன் கைய மணிக்கட்டுகிட்ட புடிச்சு, மெதுவா உருவி, அந்தக்கா கைல குடுத்தாரு. அவங்க முந்தானைல முடிஞ்சுக்கிட்டாங்க. கம்மல் போட்ட ரெண்டு பேருக்கும் இதே ரூல்தான்.

ஆட்டத்துல கோல், கார்டு, சப் எதுவா இருந்தாலும் நிமிஷத்தோட பாக்கெட் நோட்டுல ஏறிடும். பத்து மணிக்கு மேல வெயில் தாங்கல, ஒவ்வொரு பாதிலயும் கூலிங் பிரேக் விட்டாங்க, அது ஒன்றரை நிமிஷத்துல இருந்து மூணு நிமிஷம் வரைக்கும் விடலாம், அந்த நேரத்தையும் குறிச்சு கடைசில சேத்துட்டாங்க. ஒரு பையனுக்கு தலைல அடி பட்டப்ப ஆட்டத்த நிறுத்தி வெளிய அனுப்பிட்டாரு, எந்த நிமிஷம், எப்படி மோதுனான், எல்லாம் ரிப்போர்ட்ல இருந்துச்சு. மறுநாள் டாக்டர் எப்படி விழுந்தான்னு கேட்டப்ப அவங்கப்பா அந்த பேப்பரத்தான் நீட்டுனாராம்.

ரிப்போர்ட் மட்டும் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வாட்ஸ்அப்ல வந்துச்சு, அதுவும் கைல எழுதுனத எடுத்த போட்டோ, அதுல ரெண்டு பசங்க பேர படிக்கவே முடியல. கிளம்பறதுக்கு முன்னாடியே எழுதி கையெழுத்து போட்டு குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும், நேர்லயும் சொல்லிட்டேன், ஒத்துக்கிட்டாங்க.

கூப்பிடறவங்க பஸ் காசு, சாப்பாடு தனியா குடுக்கணும். நெழல்ல ஒரு டேபிள், டீம் லிஸ்ட் ரெண்டு காப்பி, போஸ்ட்டுக்கு மண்ணு மூட்டை, இதெல்லாம் முந்தின நாளே ரெடி பண்ணி வெச்சிருங்க, காலைல மண்டிக்கு ஓட வேணாம்.