பைலெரா: 120 காப்சூலையும் முடித்தால்தான் பலன்

இரைப்பையில் தங்கியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை ஒழிக்க அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிடைக்கும் கூட்டு மருந்து பைலெரா. ஒரு காப்சூலில் பிஸ்மத் சப்சிட்ரேட் பொட்டாசியம் 140 மி.கி., மெட்ரோனிடசோல் 125 மி.கி., டெட்ராசைக்ளின் 125 மி.கி. இருக்கின்றன. பிஸ்மத்தோடு சேர்ந்தால் டெட்ராசைக்ளின் உடலில் சரியாக ஏறாது. அதனால் அதை மட்டும் உள்ளே ஒரு குட்டிக் காப்சூலில் தனியாக அடைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை.

மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்னும் மும்மூன்று காப்சூல், 10 நாள். காலையும் இரவும் சாப்பிட்டதும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் 20 மி.கி. கூடவே போட வேண்டும். பலரும் தடுமாறுவது படுக்கும் முன் போடும் வேளையில்தான். ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே சாய்ந்தால் காப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்து, சற்று நேரம் உட்கார்ந்திருந்து படுங்கள். பால், தயிர், இரும்புச்சத்து மாத்திரை, ஆன்டாசிட் எதையும் இதோடு சேர்க்காதீர்கள், டெட்ராசைக்ளின் வீணாகும். மதுவை அறவே தவிர்க்க வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடாமல், வழக்கமான அளவிலேயே தொடர்ந்து மொத்தத்தையும் முடியுங்கள். நான்கு வேளைக்கு மேல் விட்டுப்போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாக்கும் மலமும் கறுக்கும். அது பிஸ்மத்தின் வேலை. பயந்துபோய் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் மலம் தார்போலப் பிசுபிசுத்து, தலையும் சுற்றினால் ரத்தக்கசிவாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகள், 8 வயதுக்குட்பட்ட குழந்தைகள், சிறுநீரகம் மிகவும் பாதிக்கப்பட்டவர்கள் இதை எடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பலன் எப்படி? 2011இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் பைலெராவும் ஒமெப்ரசோலும் எடுத்தவர்களில் 80 சதவீதத்தினருக்குக் கிருமி ஒழிந்தது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்த பழைய 7 நாள் சிகிச்சையில் அது 55 சதவீதம்தான். கிளாரித்ரோமைசினுக்கு அசையாத கிருமிகள் பெருகிவிட்ட ஊர்களில் இந்த இடைவெளி மிக முக்கியம். குறை என்றால் நாள் கணக்கு. பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துச் சிகிச்சையை 14 நாள் கொடுக்கவே இன்றைய அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது. இந்தப் பொதியோ 10 நாளுக்கு. உங்களுக்கு எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

வயிற்றெரிச்சல் நின்றதை வைத்துக் கிருமி போய்விட்டதாக எண்ணக் கூடாது. மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து யூரியா மூச்சுப் பரிசோதனையோ மல ஆன்டிஜென் பரிசோதனையோ செய்ய வேண்டும். அதற்கு முன் 2 வாரம் ஒமெப்ரசோல் வகை மருந்தை நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். ரத்த ஆன்டிபாடி பரிசோதனை இதற்கு உதவாது; கிருமி ஒழிந்த பிறகும் அது நெடுநாள் பாசிட்டிவாகவே இருக்கும்.

இந்தக் கிருமியால் இரைப்பையில் வரும் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள், கிருமி போனபின் பழைய நிலைக்குத் திரும்புமா என்பதுதான் பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையோடு வருகிறவர்களின் பெரிய கேள்வி. இரைப்பைச் சுரப்பிகள் தேய்ந்திருந்தால் பலருக்கு மீள்கிறது. தொடக்கநிலை இரைப்பைப் புற்றை எண்டோஸ்கோபியில் அகற்றியவர்களிடம் கொரியாவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கிருமிக்குச் சிகிச்சை பெற்றவர்களில் 48.4 சதவீதத்தினருக்குத் தேய்வின் தரம் மேம்பட்டது. பெறாதவர்களில் 15 சதவீதம். புதிய புற்று வருவதும் ஏறக்குறையப் பாதியானது. இரைப்பைச் சவ்வு குடல் சவ்வாகவே மாறிவிட்ட நிலையில் மீட்சி மிகக் குறைவு. ஆகவே அந்த மாற்றம் பரவலாக இருப்பவர்கள் கிருமி ஒழிந்த பிறகும், மருத்துவர் குறித்த இடைவெளியில் எண்டோஸ்கோபியைத் தொடர்ந்தே ஆக வேண்டும்.