பரங்கிமலையா, எழும்பூரா: எங்கே இறங்கி மெட்ரோ மாறுவது?

சென்னையில் வீடு குரோம்பேட்டையில், வேலை ஷெனாய் நகரில் என்றால் காலையில் ஒரு கேள்வி வந்தே தீரும். மின்சார ரயிலில் ஏறி அஞ்சாவது ஸ்டேஷனான பரங்கிமலையில் இறங்கி மெட்ரோ பிடிப்பதா, எழும்பூர் வரை போய் அங்கே மாறுவதா? நான் கடைசியில் மவுண்ட் பக்கம்தான் சாய்ந்தேன். மவுண்ட் என்றாலும் பரங்கிமலை என்றாலும் ஒன்றுதான்.

இடையில் மெட்ரோ மாற வழியுள்ள இன்னொரு நிலையமான கிண்டியை முதலிலேயே தள்ளிவிடலாம். அங்கே கிடைப்பது விமான நிலையத்திலிருந்து வரும் நீல வழித்தடம். நந்தனம், தேனாம்பேட்டை, எல்.ஐ.சி. என்று அண்ணா சாலையில் வேலை இருப்பவர்களுக்குக் கிண்டியை அடிக்க ஆளில்லை. கோயம்பேடு, அண்ணா நகர் பக்கம் போகிறவர்கள் அங்கே ஏறினால் ஒரு ஸ்டேஷன் பின்னால் ஆலந்தூர் வந்து அந்தப் பக்கம் போகும் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். எதற்கு அந்த வேலை?

காசில் எழும்பூர் ஜெயிக்கிறது. மின்சார ரயிலுக்கு ஆகும் அஞ்சு பத்து ரூபாயை விடுங்கள், மெட்ரோ கட்டணம்தான் கணக்கு. எழும்பூரிலிருந்து நேரு பூங்கா, கீழ்ப்பாக்கம், பச்சையப்பன் கல்லூரி தாண்டினால் ஷெனாய் நகர், நாலே ஸ்டேஷன். மவுண்டிலிருந்து வந்தால் அசோக் நகர், வடபழனி, கோயம்பேடு, திருமங்கலம் என்று நகரத்தைப் பாதி சுற்றித்தான் வர வேண்டும். டிக்கெட் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கார்டிலோ க்யூஆரிலோ எடுத்தால் 20 சதவீதம் குறையும், ஆனால் அந்தச் சலுகை இரண்டு பக்கமும் உண்டு. மாதக் கணக்கில் இது சின்னத் தொகை இல்லை.

நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்புறம் ஏன் மவுண்ட்? மாறுகிற அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான்.

பச்சை வழித்தடம் மவுண்டில் புறப்படுகிறது. படியேறி, நடைமேம்பாலம் வழியாக மெட்ரோ பக்கம் வந்து, கார்டைத் தட்டி மேலே போனால், பல நேரம் வண்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காலியாக நிற்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஸ்டேஷன் ஆலந்தூர். விமான நிலையப் பக்கமிருந்து நீல வழித்தடத்தில் வந்தவர்கள் மொத்தமாக அங்கேதான் மாறி ஏறுவார்கள். கதவு திறந்ததும் உள்ளே வருகிறவர்களின் கண் முதலில் இருக்கைகளைத்தான் தேடும். அவை ஓரளவு நிறைந்திருக்கும். ஒரே ஒரு ஸ்டேஷன் முன்னால் ஏறியதற்குக் கிடைக்கும் லாபம் அது. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஏசியில் உட்கார்ந்து போகலாம்.

எழும்பூர் வழியில் இது கிடையாது. மவுண்டில் இறங்காமல், பீச் நிலையம் வரை போகும் மின்சார ரயிலிலேயே நின்றால் கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம் என்று காலை நேர நெரிசல் முழுவதையும் தாங்க வேண்டும். மாம்பலத்தில் ஒரு கூட்டம் இறங்கிய பிறகுதான் மூச்சு விட முடியும். எழும்பூரில் மின்சார ரயில் நிற்பது 10, 11-வது நடைமேடைகளில். வெளியூர் வண்டிக்காரர்களின் பெட்டி, மூட்டைகளுக்கு நடுவே நடைமேம்பாலம் ஏறி இறங்கி, பிறகு மெட்ரோவுக்காகச் சுரங்கத்துக்குள் போக வேண்டும். நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலையில் வழியையும் அவ்வப்போது மாற்றிவிடுகிறார்கள். அவ்வளவு நடந்து போய் நாலு ஸ்டேஷன் பயணம்.

சாயங்காலம் நிலைமை தலைகீழ். எழும்பூருக்குத் தாம்பரம் வண்டி வரும்போது பீச், கோட்டை, பூங்கா மட்டுமே தாண்டியிருக்கும். சென்ட்ரலில் இறங்கியவர்கள் பூங்காவில் ஏறுவார்கள்தான், ஆனாலும் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் உட்கார இடம் கிடைக்கும். மவுண்டில் அதே வண்டி கிண்டிக் கூட்டத்தையும் ஏற்றிக்கொண்டு பிதுங்கி வரும். அஞ்சு ஸ்டேஷன்தானே என்று தொங்கிக்கொண்டு வருவது எல்லோருக்கும் சரிப்படாது.

இதற்கு என் வழி: சீசன் டிக்கெட்டை எழும்பூர் வரைக்கும் எடுத்துவிடுங்கள். இடையில் இருக்கும் மவுண்டிலும் அதே சீசனில் இறங்கலாம். காலையில் மவுண்ட், அலுப்பான சாயங்காலங்களில் எழும்பூர். மெட்ரோ செலவும் அந்த நாட்களில் குறையும்.

2025 ஏப்ரலில் இந்தத் தடத்தில் ஏசி மின்சார ரயிலும் வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், சாதாரண டிக்கெட் செல்லாது. அதில் எழும்பூர் வரை உட்கார்ந்தே போக முடிந்தால் என் கணக்கு கொஞ்சம் ஆட்டம் காணலாம். ஆனால் நான் அதில் அதிகம் போனதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். வயதானவர்களை அழைத்துக்கொண்டோ பெரிய பெட்டியோடோ மவுண்டில் மாறிய அனுபவமும் எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கவனம். மின்சார ரயில் குறைவாகத்தான் ஓடும், பராமரிப்பு என்று சில நேரம் ரத்தும் செய்வார்கள். அன்றைக்கு முதலில் வருகிற வண்டியில் ஏறி மவுண்டிலேயே மெட்ரோவுக்கு மாறிவிடுவது மேல்.

இன்னொன்று. மேம்பாலத் தடத்தில் ஓடும் பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து நீட்டிக்கும் திட்டத்துக்கும் மவுண்ட்தான் முடிவிடம். 2008-ல் தொடங்கிய அந்த 5 கி.மீ. நீட்டிப்பு, சுமார் 500 மீட்டருக்கு நிலம் கிடைக்காமல் வருடக்கணக்கில் இழுத்தது. வேளச்சேரிக் கூட்டமும் மவுண்டில் மெட்ரோ ஏறத் தொடங்கினால், ஜன்னலோர இருக்கைக்கு நான் கொடுக்கும் இரட்டைக் கட்டணம் கட்டுபடியாகுமா என்று அப்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.