முள் மீட்டரை நம்பி முட்டைகோஸ் பாத்தியை இழந்தேன்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடம் இருக்கு. கேரட், பீட்ரூட், பீன்ஸ், முட்டைகோஸ், கொஞ்சம் பூண்டு, வேலியோரம் மேரக்காய்க் கொடி. பதினோரு வருஷமா வீட்டுக் காய்கறி பெரும்பாலும் இங்கேயிருந்துதான். மண்ணின் பிஎச் (அமிலமா காரமா என்று சொல்லும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) பார்க்க மூன்று வழிகளைக் காசு கொடுத்துப் பார்த்துட்டேன். மலைப் பகுதியில் தோட்டம் வைத்திருப்பவர்கள் வாங்குவதற்கு முன்னால் இதைப் படிச்சிடுங்க.

முதலில் வாங்கியது முள் மீட்டர். போன வருஷம் பிப்ரவரியில் ஆன்லைனில் 399 ரூபாய். இரண்டு உலோகக் கம்பி, மேலே பச்சை டப்பா, அதில் ஒரு முள். ஒரு சுவிட்சைத் தள்ளினால் ஈரம், இன்னொரு பக்கம் தள்ளினால் வெளிச்சம், நடுவில் பிஎச். பேட்டரி கிடையாது. பாத்தியில் நாலு இடத்தில் குத்திப் பார்த்தேன், நாலிலும் 7. காய்கறிக்கு 6-லிருந்து 7-க்குள் இருந்தால் நல்லது என்று படிச்சிருந்ததால் மனசு நிறைஞ்சுபோச்சு. அந்த வருஷம் போடலாம் என்று வைத்திருந்த டோலமைட்டை (மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் ஒரு வகைச் சுண்ணாம்புக்கல் தூள்) போடாமல் விட்டுட்டேன். மார்ச்சில் முட்டைகோஸ் நாற்று நட்டாச்சு.

மே மாசம் மத்தியான வெயிலில் இலை தொங்க ஆரம்பிச்சுது. சாயங்காலம் பார்த்தால் நிமிர்ந்து நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பத்து நாளில் கீழ் இலைகள் மஞ்சள். ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் கிழங்கு மாதிரி விரல் விரலாக வீங்கிக் கிடந்தது. சல்லி வேர் ஒன்றுகூட இல்லை. உடைத்தால் உள்ளே பழுப்பு, அழுகின நாற்றம். கேரட் போடும் பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துவிட்டு, "இது வேர் முடிச்சும்மா. மண்ணை டெஸ்ட்டுக்குக் குடுத்தியா?" என்று மட்டும்தான் கேட்டார். முட்டைகோஸ் வகைகளின் வேரை வீங்க வைக்கும் கிளப் ரூட் நோயைத்தான் சொன்னார், அமில மண்ணில்தான் அது பலமாகப் பிடிக்கும். இருபத்தெட்டுச் செடியில் ஆறுதான் தேறியது.

இரண்டாவது வழி, அரசு மண் பரிசோதனைக் கூடம். ஒரு மாதிரிக்குக் கட்டியது டீ, வடைக்கு ஆகிற காசுதான். ஆனால் மண் எடுக்கிற முறையில் சோம்பல் கூடாது. மேலே இருக்கிற புல், இலையை ஒதுக்கிட்டு, மண்வெட்டியால் ஆங்கில 'வி' மாதிரி 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, அந்தச் சரிவின் ஓரத்தை மேலிருந்து கீழ் வரை ஒரே சீராகச் சுரண்டி எடுக்கணும். நான் பத்து இடத்தில் எடுத்தேன். எல்லாத்தையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நாலு பங்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து மறுபடி பிரித்து, கடைசியில் அரைக் கிலோ. நிழலில் உலர்த்தித் துணிப் பையில் கொடுத்தேன். உரம் போட்ட கையோடு எடுக்கக் கூடாது, எருக்குழி ஓரமும் மர நிழலும் வேண்டாம்.

மூன்று வாரம் ஆச்சு. முடிவு: பிஎச் 4.9. முள் சொன்ன 7 எங்கே, இது எங்கே! ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுது. அப்படியென்றால் என் மண்ணில் மீட்டர் சொன்னதைவிட நூறு மடங்குக்கும் மேல் அமிலம். எங்கள் ஊர் மழை, மண்ணிலிருக்கும் கால்சியம், மெக்னீசியத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போயிடுது. தேயிலைக்கு அது பிடிக்கும், 4.5-லிருந்து 5.5 வரை சுகமாக வளரும். காய்கறிக்கு அப்படியில்லை. 5.5-க்குக் கீழே போனால் மண்ணிலிருக்கும் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும், போடுகிற மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். வருஷா வருஷம் நான் போட்ட சூப்பர் பாஸ்பேட்டில் எவ்வளவு செடிக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் இப்பவும் வயிறு எரியுது.

அந்த மீட்டர் ஏன் 7 காட்டியது என்று தெரிஞ்சுக்காமல் விட மனசில்லை. ஒரு டம்ளரில் அதே பாத்தி மண்ணை எடுத்தேன். காற்றில் சும்மா பிடித்தாலே முள் 7-க்கு மேல்தான் நிற்குது. காய்ந்த மண்ணில் குத்தினால் 7. தண்ணீர் ஊற்றினால் 6.5. கம்பியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் குத்தினால் 6. ஒரு சிட்டிகை சமையல் உப்பைக் கலக்கினேன், 5-க்குப் பக்கத்தில் வந்துடுச்சு. இரண்டு வேற வேற உலோகத்தை ஈரத்தில் வைத்தால் கொஞ்சம் மின்சாரம் ஓடும், முள் காட்டுவது அதைத்தான். ஈரமும் உப்பும் கூடினால் மின்சாரம் கூடும், அவ்வளவுதான். பிப்ரவரியில் என் பாத்தி பொலபொலவென்று காய்ந்து கிடந்தது. மண் காய்ந்திருக்கு என்று சொன்ன கருவியிடம் மண் நல்லாயிருக்கு என்று நான் படிச்சிருக்கேன். ஐந்துக்கு ஒன்றுகூடத் தர மாட்டேன். பிஎச்சுக்காக இதை வாங்கவே வாங்காதீங்க.

மூன்றாவது, சொட்டு மருந்து கிட். 280 ரூபாய். பிஎச்சுக்கு ஏற்ப நிறம் மாறும் மருந்து ஒரு சின்ன பாட்டில், இரண்டு கண்ணாடிக் குழாய், நிற அட்டை. எனக்குப் பிடித்தது இதுதான். நிழலில் உலர்த்திச் சலித்த மண் ஒரு ஸ்பூன், டிஸ்டில்டு வாட்டர் ஐந்து ஸ்பூன் (பேட்டரிக்கு ஊற்றுவார்களே, அதுதான்). நல்லாக் குலுக்கி ராத்திரி முழுக்க அசையாமல் வைக்கணும். எங்கள் செம்மண் லேசில் தெளியாது. கலங்கல் இருந்தால் நிறமே ஏமாற்றும். காலையில் மேலே தெளிந்ததை மட்டும் குழாயில் ஊற்றி நாலு சொட்டு. ஜன்னலோர வெளிச்சத்தில் அட்டையோடு ஒப்பிடணும், டியூப் லைட்டில் ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றாகத் தெரியும். முதல் தடவை குழாய்த் தண்ணீரில் செய்து 6.5 வந்தது. அது தண்ணீரின் பிஎச். டிஸ்டில்டு வாட்டரில் செய்ததும் தெளிவான ஆரஞ்சு, 5. பரிசோதனைக் கூடம் சொன்ன 4.9-க்குப் பக்கத்திலேயே வந்துடுச்சு! அரை எண் முன்னே பின்னே இருக்கும், பாட்டில் மூடி கசியும், இந்த இரண்டு குறைதான். ஐந்துக்கு நாலு.

சரிசெய்த கதைக்கு வருகிறேன். பரிந்துரை, சென்ட்டுக்கு 12 கிலோ டோலமைட். இரண்டு சென்ட்டில் உருளைக்கிழங்குக்கு ஒதுக்கிய அரை சென்ட்டை விட்டுட்டேன். உருளைக்குக் கொஞ்சம் அமிலம் இருந்தால்தான் நல்லது, சுண்ணாம்பு கூடினால் தோலில் சொறி வரும். மீதிக்கு 18 கிலோ. உரக்கடையில் டோலமைட்டா வெறும் சுண்ணாம்புத் தூளா என்று கேட்டு வாங்குங்க. டோலமைட்டில் மெக்னீசியமும் இருக்கு, எங்கள் மண்ணில் அதுவும் குறைவு. வீட்டில் ஒரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தேன். சாதா சுண்ணாம்புக்கல் தூள் உடனே நுரைச்சுப் பொங்கும். இது மெதுவா, அங்கங்கே ஒரு குமிழி. விரலில் தேய்த்தால் கோதுமை மாவு மாதிரி நைஸாக இருக்கணும். நறநறவென்று இருந்தால் கரைய வருஷக்கணக்காகும்.

ஜூலையில் தூவி, ஒரு சாண் ஆழத்துக்கு முள் மண்வெட்டியால் கொத்திக் கலந்தேன். மேலே தூவிவிட்டு அப்படியே விட்டால் மேல் ஒரு அங்குலம்தான் மாறும். ஒரு மாசம் எதுவும் நடவில்லை. சாணி எருவையும் யூரியாவையும் அந்த மாசம் தொடவே இல்லை. சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போயிடும்.

மூன்று மாசத்தில் கிட் ஆரஞ்சிலிருந்து மஞ்சளை நோக்கி நகர்ந்தது. இந்த வருஷம் மறுபடியும் கூடத்தில் கொடுத்தேன், 5.7. பீட்ரூட் முன்னெல்லாம் எலுமிச்சை அளவில் நின்றுவிடும். இந்தத் தடவை ஒன்று 310 கிராம். வேலியோர ஹைட்ராஞ்சியா எப்பவும் நல்ல நீலமாகத்தான் பூக்கும். பாத்தியை ஒட்டின கொத்து மட்டும் இப்போ ஊதாவும் ரோஸுமாகப் பூத்திருக்கு. வேர் அங்கே டோலமைட்டைத் தொட்டிருக்கணும்.

வேர் முடிச்சு இதனால் தீர்ந்துடுச்சு என்று யாரும் நினைச்சுடாதீங்க. அந்தக் கிருமி மண்ணில் பல வருஷம் கிடக்கும், 7-க்கு மேல் போனால்தான் அடங்கும். அவ்வளவு ஏற்றினால் மற்றக் காய்க்குப் போரான் கிடைக்காமல் போகும். அதனால் அந்தப் பாத்தியில் முட்டைகோஸ், காலிஃப்ளவர், நூல்கோல், முள்ளங்கி எதுவும் இனி கிடையாது. பீன்ஸும் பூண்டும்தான் மாற்றி மாற்றி. அங்கே வேலை செய்த மண்வெட்டியையும் செருப்பையும் கழுவிவிட்டுத்தான் அடுத்த பாத்தியில் கால் வைக்கிறேன்.

கிட் பாட்டிலில் இன்னும் பாதி இருக்கு. எங்கள் பக்கம் அக்டோபர், நவம்பர் மழைதான் பலமா அடிக்கும். அது ஓய்ந்ததும் டிசம்பரில் ஒரு தடவை பார்த்து, 5.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் சென்ட்டுக்கு நாலைந்து கிலோ மட்டும் போடலாம் என்று இருக்கேன்.