கீரைப் பாத்தியில் வேர்ப்புழு: வேப்பம் புண்ணாக்கா, மெட்டாரைசியமா?

மக்காத சாணத்தைக் கொட்டிவிட்டு வேரைத் தின்னும் வெள்ளைப் புழு வந்துவிட்டதே என்று கேட்பவர்கள்தான் அதிகம், அதனால் முதலில் எருவை நன்றாக மக்கவிடுங்கள், அப்புறம் மருந்தைப் பார்க்கலாம்.

செலவு: புண்ணாக்கு ஏக்கருக்கு 100 கிலோ, கையைக் கடிக்கும். புழுவைக் கொல்லும் பூஞ்சையான மெட்டாரைசியம் சில கிலோ போதும்.

வேலை: புண்ணாக்கைத் தூளாக்கி கடைசி உழவில் போட்டால் முடிந்தது. மெட்டாரைசியம் உயிருள்ள பூஞ்சை. மக்கிய எருவில் கலந்து சாயங்காலமாகப் போட்டு ஈரம் காக்க வேண்டும், மண் காய்ந்தால் அத்தனையும் வீண். பூஞ்சைக்கொல்லி பக்கமே போகக் கூடாது.

பலன்: பூஞ்சை புழுவைக் கொல்ல நாளாகும். புண்ணாக்கு, வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவையும் அடக்கும், உரமாகவும் சேரும்.

25 நாளில் பிடுங்கும் முளைக்கீரைக்கு என் ஓட்டு புண்ணாக்குக்கே. மாதக்கணக்கில் அறுக்கும் அரைக்கீரையில் வெள்ளைப் புழு தொல்லை என்றால், தண்ணீர் வசதியும் இருந்தால், மெட்டாரைசியம்.